ஒரே வரிசையில் இரண்டு சிப்பாய்

அன்புள்ள மகள் மிசுஹோவுக்கு,

அப்பா எழுதுகிறேன், நானே, என் கையால். இங்கே நான் சுகம். நீயும் சுகம்தானே என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகத்தான் நினைத்தேன், பேனா நகரவில்லை.

ஹாச்சினோஹேயில் இன்னும் பனி விழவில்லை, கடல் காற்று மட்டும் கன்னத்தை அறைகிறது. இந்த ஆண்டும் கணவாய் குறைவு, படகுகள் பாதி வெறுமையாகத் திரும்புகின்றன. உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் தினமும் சோறு வைக்கிறேன். எழுத்து வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து மருந்துச் சீட்டு, தெருப்பலகை, சோயா சாஸ் புட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன், பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடம் தேடுகிறார்கள். எழுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் கண்டது. போன மாதம் நீ வரைகிற படக்கதையை முதன்முறையாக நானே படித்தேன். இதுவரை முடிதிருத்தும் நிவாதாதான் திங்கட்கிழமைதோறும் பத்திரிகை வந்ததும் கடையில் உரக்கப் படிப்பான், நான் படம் பார்ப்பேன். கதையில் பன்னிரண்டு வயது நாஓ ஷோகிச் சதுரங்கப் பலகையில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களை வீழ்த்தும்போது பாதி மழித்த தாடியோடு ஆட்கள் கைதட்டுவார்கள். இப்போது அவள் பேசுவது என் காதில் உன் குரலாகவே விழுகிறது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு பக்கம் விடாமல் படித்தேன், அதுதான் வினையாயிற்று. பொருளடக்கத்தில் ஒவ்வொரு கதைக்கும் கீழே வரைந்தவர் ஒரு வரி எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. நிவாதா அதைப் படித்ததே இல்லை. பழைய பத்திரிகைகள் அவன் கடையில் அடுக்கி இருக்கின்றன, இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று வருடத்து வரிகளையும் படித்தேன். முதல் வருடம் நீ எழுதியிருக்கிறாய், அப்பா அனுப்பிய காய்ந்த கணவாய் வந்தது, எல்லோரும் சேர்ந்து தின்றோம் என்று. மூன்று வருடம் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், ஜன்னல் துடைக்கும்போது வெயிலைப் பார்த்தேன் என்று ஒரு வாரம். வலது கை என்னுடையது மாதிரி இல்லை என்று ஒரு வாரம். கதையில் நாஓ தூங்கினாள், பொறாமையாக இருக்கிறது என்று ஒரு வாரம். ஏன்டா இதையெல்லாம் மறைத்தாய் என்று நிவாதாவைப் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்குச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது, ராத்தூக்கம் போறதுதான் மிச்சம். முப்பது வருஷமா பேப்பர் படிக்கிறேன், ஒரு நல்ல சேதி வந்ததில்ல, நீங்க பாட்டுக்குப் படம் பாத்துட்டு இருந்திருக்கலாம்” என்றான். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னான்.

இந்தத் திங்கட்கிழமை வந்த இதழில் உன் பெயருக்குக் கீழே ஒரு வரியும் இல்லை. கதைக்குள் பார்த்தேன். நாஓ எதிராளியிடம் பிடித்த ஒரு சிப்பாயைத் தன்னுடையதாகப் பலகையில் வைக்கிறாள், மேலிருந்து கீழாக ஓடும் அதே வரிசையில் அவளுடைய சிப்பாய் ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. அப்படி வைத்தால் அங்கேயே தோல்வி. ஏழு வயதில் நீ என் படகுத் தலைவரைப் பார்த்து, “ஒரே வரிசையில ரெண்டு சிப்பாய் வெச்சுட்டீங்க மாமா, ஆட்டம் போச்சு, எந்திரிங்க” என்று கத்தினாய், துறைமுகமே சிரித்தது. அந்தக் கண் இதைப் பார்க்கவில்லை என்றால் அந்தக் கண் மூடியிருந்தது என்றுதான் அர்த்தம். கடையில் இருந்தவர்கள் நாஓ தோற்றாள் என்று கேலி செய்தார்கள், நான் இதழை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மூன்று தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். காலையிலும் மதியத்திலும் சாயங்காலத்திலும் உன் படங்களுக்குக் கட்டம் போட்டுத்தரும் உதவிப் பெண்தான் எடுத்தாள், “இப்பத்தான் படுத்தாங்க” என்றாள். மூன்றாவது தடவை குரலைத் தாழ்த்தி, “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, பேனாவைக் கையோட சேத்துத் துணியால கட்டிக்கிட்டு வரையறாங்க” என்றாள். நான் சொல்லிவிட்டேன், அவளைத் திட்டாதே. கோடையில் நீ, “இன்னும் நாலே வாரந்தாம்பா, அப்புறம் ஓய்வுதான்” என்றாய். நாலு வாரம் எத்தனை முறை கழிந்தது?

ராஜா பிடிபடும்வரை நல்ல ஆட்டக்காரன் காத்திருப்பதில்லை மகளே. முன்பே தலைகுனிந்து, தோற்றேன் என்று தன் வாயால் சொல்வான், அதில் அவமானம் இல்லை. பத்திரிகைக்காரரிடம் நீ அதைச் சொல்லு. சொல்ல வாய் வராவிட்டால் நான் சொல்கிறேன். நேரில் சொன்னால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதி அனுப்புகிறேன். விரைவுத் தபாலில் இது உனக்கு நாளை கிடைக்கும், நாளை மறுநாள் காலை வண்டியில் நான் கிளம்புகிறேன், மதியம் உன் வாசலில் நிற்பேன்.

நீ நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும், உன் அம்மாவும் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். சூடாக ஏதாவது குடி. நான் மணி அடிக்கும்போது எழ முடியாவிட்டால் எழ வேண்டாம். கதவை மட்டும் உள்ளே தாழிடாதே.

உன் அப்பா
நீயிதா இசோகிச்சி