பேப்பர் கிளாஸுக்குப் போனவளுக்கு

நேற்று நானுஓயாப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தரப் பரீட்சைக்கு மேற்பார்வை செய்யப் போயிருந்தேன். வெளியே மூடுபனி, உள்ளே கை விறைக்கிற குளிர். வினாத்தாளைக் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில், முன்வரிசையில் இருந்த ஒருத்தி சின்னத் தைல டப்பாவைத் திறந்து நெற்றியில் தடவினாள். மண்டபம் முழுக்க அந்த வாடை. எனக்கு வயிறு எரிந்தது. நீயும் பரீட்சை என்றால் இப்படித்தான் தடவிக்கொண்டு உட்காருவாய். செத்த பிறகும் ஒரு தைல வாடையை வைத்தே என்னை எரிய வைக்க உன்னால் முடிகிறது.

போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். நான் பேசத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது கேட்க உனக்கு நேரமில்லை. இப்போது நிறைய இருக்கும், உட்கார்ந்து கேள்.

வட்டவளைக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்தில் அந்த வருடம் உயர்தரம் படித்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். ஹட்டனில் அரசியல் பாடத்துக்குப் பேர்போன சேர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமை அவருக்கு வினாத்தாள் செய்து பழக்கும் பேப்பர் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை பாடம் நடத்தும் தியரி கிளாஸ். இரண்டுக்கும் அனுப்ப உன் வீட்டாலும் முடியாது, என் வீட்டாலும் முடியாது. ஆளுக்கொரு வகுப்புக்குப் போய்விட்டு வந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போம் என்பது உன் யோசனை. யார் எதற்குப் போவது என்று பிரித்ததும் நீதான்.

"நீ ஒருக்கா கேட்டா மறக்க மாட்ட புள்ள. நீ தியரிக்குப் போ. நான் பேப்பருக்குப் போறேன்."

அதைப் பாராட்டு என்று நினைத்து, அம்மாவிடம் வேறு போய்ப் பெருமையாகச் சொன்னேன். என்னைப் போல ஒரு மக்கு உண்டா?

மாலையில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் பெண்கள் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஆயாவிடம் சாவி வாங்கிப் பிள்ளைக்காம்பராவில் உட்காருவோம். வீடே ஒற்றை அறையான லயத்துக் காம்பராவில் படிக்க ஏது இடம்? தொட்டில்களுக்கும் பால்மா வாடைக்கும் நடுவே நான் உனக்கு அரசியல் யாப்பும் தேர்தல் முறையும் சொல்லிக்கொடுத்தேன். தொண்டை கட்டும்வரை சொன்னேன். நீ குறுக்குக் கேள்வி கேட்பாய், நான் மறுபடி முதலிலிருந்து சொல்வேன். பிறகு உன் முறை வரும்.

"சேர் இன்னைக்கு என்ன சொன்னாங்க?"

"புதுசா ஒண்ணும் இல்ல புள்ள. பழைய பேப்பர்தான் செஞ்சாங்க."

வினாத்தாளை என்னிடம் நீட்டிவிட்டுக் கொட்டாவி விடுவாய். பேப்பர் கிளாஸில் பேப்பர்தானே செய்வார்கள் என்று நானும் வாங்கி வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே கொட்டாவி.

பரீட்சையில் இரண்டாம் பத்திரம். ஐந்து வினாவுக்கு விடை எழுத வேண்டும். பிரித்த உடனே என் கண்ணில் பட்டது, நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த பிரசாவுரிமைச் சட்டம். அது மலையக மக்களுக்கு ஏற்படுத்திய விளைவுகளில் நான்கைக் குறிப்பிடச் சொன்னார்கள். அதற்கு மதிப்பெண் நாலே நாலு புள்ளி. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகவே செத்துப்போனார் என் தாத்தா. பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனது, பிறகு நாங்கள் அவர்கள் முகம் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் அதைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார், நான் சும்மா இருப்பேனா? பக்கம் பக்கமாக எழுதினேன். கை வலிக்க, கண் கலங்க எழுதினேன். மணி அடித்தபோது மூன்றாவது வினாவின் நடுவில் நின்றேன்.

நீ எழுதி முடித்து, தாள்களை அடுக்கிக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாய். உன் தாத்தாவும் அப்படித்தான் செத்தார். நீ நாலு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போயிருந்தாய்.

பெறுபேறு வந்தது. அரசியலில் உனக்கு ஏ, எனக்குத் தட்டுத்தடுமாறித் தேறும் எஸ். நீ பல்கலைக்கழகம் போனாய். "ரெண்டும் ஒண்ணாத்தானே படிச்சுச்சுக, ஒண்ணுக்கு மட்டும் மண்டையில ஏறல போல," என்று கொழுந்தெடுக்கும் மலையில் அம்மாவின் காதுபடவே பேசினார்கள். அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. கூட வேலை செய்த அக்கா ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

இரண்டாம் தடவை எழுதுவதற்காக நான் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். சேர் வினாத்தாளைத் தொடவே இல்லை. "கேள்விய ரெண்டு தரம் வாசிங்க. குறிப்பிடுகன்னா பேரச் சொல்லிட்டுப் போங்க. விளக்குகன்னா காரணத்தையும் சேருங்க. பக்கத்துல எத்தன புள்ளின்னு பாருங்க. நாலு புள்ளிக்கு நாலு விஷயம், நாலு பக்கம் இல்ல." பழைய மாணவர்கள் அவரோடு கூடவே சத்தமாகச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைச் சொல்லித்தான் தொடங்குவாராம். நேரத்தை எப்படிப் பிரிப்பது, எதை முதலில் எழுதுவது, எங்கே நிறுத்துவது, எல்லாம் அங்கே இருந்தது. நான் கடைசி வாங்கில் உட்கார்ந்து உன் கொட்டாவியை நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு நீ லீவில் வந்தாய். கோயிலுக்குப் பின்னால் உன்னைப் பிடித்துக் கேட்டேன். நீ கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை.

"நீ கேக்கவே இல்லையே புள்ள."

"வாராவாரம் கேட்டேனேடி."

"சரி, சொல்லல. நம்ம ஸ்கூல்ல இருந்து ஒருத்தி போறதே பெருசு. ரெண்டு பேருக்கும் இடம் கெடைக்கும்னு நெனைக்கிறியா? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?"

நான் சொல்லியிருப்பேன். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். நீ சிரித்துவிட்டுப் போனாய். அதன் பிறகு நாம் பேசவில்லை.

இரண்டாம் தடவை கூடுதல் புள்ளி எடுத்தேன், ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியையானேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பேப்பர் கிளாஸ் தொடங்கினேன். எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் வரலாம். சேவை என்று ஒருமுறை எனக்கு மாலைகூடப் போட்டார்கள். சேவையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீ ஒளித்து வைத்ததைத் தெருவில் போட்டு எல்லோரையும் எடுக்கச் சொல்ல வேண்டும் என்ற வெறி. சேர் சொன்னதோடு என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தும் சொல்கிறேன். "உங்க வீட்டுக் கதையக் கேக்குற கேள்வி வந்தா அதக் கடைசியா எழுதுங்க. கோவம் வந்துட்டா பேனா நிக்காது."

போன பெறுபேற்றில் நம் தோட்டத்திலிருந்து மூன்று பேருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. ஒரே வருடத்தில், ஒரே லயத்து வரிசையிலிருந்து மூன்று பேர். நீங்கள் குடும்பத்தோடு கொழும்புக்குப் போன பிறகு உன்னைப் பற்றி இங்கே பேச ஆளில்லை. ஆனால் உன் எண்ணை யாரிடமோ வாங்கி வைத்திருந்தேன், இந்த ஒரு நாளுக்காகவே. "மூணு பேருடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும் என்று அழைத்தேன். உன் கணவர் எடுத்தார்.

"அவ தவறி ரெண்டு மாசமாச்சுங்க. நீங்க யாரு பேசுறது?"

என் பெயரைச் சொன்னேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை.

"நாங்க ஒண்ணாப் படிச்சோம்," என்றேன்.

"அப்படியா? அவ தனியாப் படிச்சு வந்ததாத்தான் சொல்லுவா. பிள்ளைங்களுக்கும் அதச் சொல்லித்தான் வளத்தா."

"இல்லைங்க. தியரி முழுக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

மனைவியைப் பறிகொடுத்த மனிதரிடம் அப்படிச் சொன்னதற்காக எனக்கு வெட்கமில்லை. அவர் "சரிங்க" என்று மெதுவாகச் சொன்னார். மூன்று பேரைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. கேட்டுச் சுருங்க வேண்டிய முகம் அங்கே இல்லையே. போனை வைத்துவிட்டு அழுதேன், ஆத்திரத்தில்தான் அழுதேன். கொஞ்சம் துக்கமும் இருந்திருக்கலாம். அதை உனக்குத் தர மாட்டேன்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்டாள். "டீச்சர், நீங்க படிக்கிறப்ப ஒங்ககூட யாரு படிச்சாங்க?"

"யாரும் இல்ல. நான் தனியாத்தான் படிச்சேன்," என்றேன்.

நாக்குக் கொஞ்சமும் தடுமாறவில்லை. இந்த மடலிலும் உன் பெயர் எங்கேயும் இல்லை, தேடிப் பார்.