தூக்கிக்கொண்டு போனால் வரமாட்டேன் என்றார் அத்தான்

மோட்சத்தில் நல்ல காற்றோட்டமான இடமாகப் பிடித்து உட்கார்ந்து, சிறகு முளைத்த சம்மனசுகளுக்கு மீன் ஆயச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் என் பிரியமான பிலோமி அக்காவுக்கு,

ஏழு கடலையும் வாயாலேயே கடந்தவனும், தூத்துக்குடித் துறைமுகம் என் தயவில்தான் மூழ்காமல் நிற்கிறது என்று நம்புகிறவனுமான உன் ஒரே தம்பி எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். அங்கே மூட்டுவலி இருக்காது, வெந்நீர் ஒத்தடம் தேவைப்படாது. உன் புருஷனைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ போன அன்று அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாழ்நாளெல்லாம் தோணிக்குத் தலைவனாக, தண்டலாக நின்று மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டிய மனுஷன். ஓய்வு பெற்ற பிறகும் பையன்கள் மூட்டை அடுக்குவதைக் குறை சொல்லப் போனார். தோணியில் ஏறுகிற பலகை மழையில் நனைந்திருந்தது, சறுக்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன், உள்ளே கம்பி. அவர் அங்கே கிடக்கும்போதே இங்கே உனக்கு நெஞ்சுவலி. அவரை ஆம்புலன்சில் படுக்கவைத்துக் கொண்டுவந்து உன் முகத்தைக் காட்டினோம். அவ்வளவுதான். உன்னை எங்கே வைத்தோம் என்றுகூட அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "ஏலே, கல்லறைத் திருநாளுக்கு நான் அவகிட்ட போவணும். நடந்து போவணும். தூக்கிட்டுப் போனா வரமாட்டேன்."

சரி என்றோம். பிறகு அதற்கு நேர் எதிரானதைச் செய்தோம்.

தோணியில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். அடிபட்டவன் கயிற்றைத் தொடக்கூடாது. அவன் வேலையை மற்றவர்கள் பார்ப்பார்கள், அவன் சோறு அவன் கிடக்கிற இடத்துக்கே வரும். கடலில் அது நல்ல வழக்கம். நாங்கள் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். அத்தானின் பழைய ஆட்கள் முறைவைத்து வந்து அவரைக் கக்கூசுக்குத் தூக்கினார்கள், வாசலுக்குத் தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாற்காலியோடு தூக்கிப் போனபோது, சப்பரம் வருகிறது என்று எதிரே வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி சப்பரத்துக்குக் காணிக்கையாகப் போட உப்பும் மிளகும் எடுக்க வீட்டுக்கு ஓடினாள், சத்தியமாக! உன் மகள் செல்வி தண்ணீர் டம்ளரைக்கூட அவர் வாயருகே பிடித்தாள். இப்படி அன்பு காட்டிக் காட்டி, அத்தானின் தொடை என் மணிக்கட்டு அளவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்தான். ஆனாலும் பார்க்கச் சகிக்கவில்லை அக்கா.

அப்போதுதான் வந்தாள் நஸ்ரின். காயல்பட்டினத்துப் பிள்ளை, பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் செய்த டாக்டர் அனுப்பியிருந்தார். ஸ்கூட்டியிலிருந்து இறங்கியவள், கட்டிலைச் சுற்றி நின்ற எங்கள் படையைப் பார்த்தாள்.

"யாரு இவரைத் தூக்குறது?"

எல்லோரும் பெருமையாகக் கை தூக்கினோம்.

"இனிமே யாரும் தூக்கக் கூடாது. எலும்பு சேர்ந்துட்டு வருது. சதைதான் வேலையில்லாம கரைஞ்சு போயிருக்கு."

"வலிக்குமே," என்றாள் செல்வி.

"வலிக்கும்க்கா. எந்த வலி பரவாயில்ல, எந்த வலின்னா நிறுத்தணும்னு பார்க்கத்தான் நான் வந்திருக்கேன்." அத்தான் பக்கம் திரும்பினாள். "ஐயா, பத்துக்கு எத்தனை வலிக்குது?"

"தண்டலுக்கு வலி கிடையாது."

முழங்காலுக்கு அடியில் துவாலையைச் சுருட்டி வைத்து அமுக்கச் சொன்னாள். தண்டல் போட்ட சத்தத்தில் மாலத்தீவில் தேங்காய் உதிர்ந்ததாகத் தகவல்.

"இப்போ எத்தனை ஐயா?"

"எட்டு," என்றார் அத்தான், சின்னக் குரலில்.

"அப்ப நிறுத்துவோம். நாலு, அஞ்சுல வச்சே செய்யலாம். அழ வைக்கிறதுக்கு நான் வரல."

அன்று கிளம்பும்போது கேட்டாள்: "நடந்தா முதல்ல எங்க போவீங்க?" அத்தான் சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன்.

மறுநாள் தாமதமாக வந்தாள். செருப்பெல்லாம் மணல். "கல்லறையைப் பார்த்துட்டு வாரேன். பாதி தூரம் சிமெண்ட், மீதி பூரா மணல். அங்கன வாக்கர் புதையும். வீட்டுத் தரையில மட்டும் நடந்தா பத்தாது, மணல்லயும் பழகணும்."

நீ பார்த்தாயா அவளை? முக்காடு போட்ட பிள்ளை ஒருத்தி உன் சிலுவைக்குப் பக்கத்தில் வந்து, தரையைக் காலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாளே, யார் பெற்ற பிள்ளையோ என்று யோசித்தாயா?

எழுந்து நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, உடம்புப் பாரம் முழுவதையும் நல்ல காலிலேயே போட்டார். "விழுந்துருவேன் பிள்ள," என்றார். புயலில் பாய்மரம் முறிந்தபோதும் பீடி கேட்ட மனுஷன் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டேன். எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை.

அவள் இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்துக்கொண்டாள். "காத்துல தோணி ஆடும்போது எப்படி நிப்பீங்க? காட்டுங்க, எனக்குத் தெரியாது." அத்தான் யோசித்தார். காலை அகட்டினார், முழங்காலை லேசாகத் தளர்த்தினார். அவள் அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல அசைத்தாள். நான் சும்மா இருப்பேனா? அடிபட்ட கால் மேற்குப் பக்கம் இருந்தது. "அத்தான், மேக்கேருந்து கச்சான் அடிக்குது!" என்று கத்தினேன். காற்று வருகிற பக்கம் சாய்ந்தே பழகிய உடம்பு, யோசிக்காமல் அந்தக் காலில் பாரத்தைப் போட்டது.

"மாமா, இப்படிக் கத்தாதீங்க!" என்றாள் நஸ்ரின். பிறகு அத்தானின் காலைப் பார்த்தாள். "சரி, கத்துங்க. ஆனா நான் சொல்லும்போது மட்டும்." அன்றிலிருந்து நான் அரசாங்க அங்கீகாரம் பெற்ற காற்று.

எல்லா நாளும் ஏறுமுகமாக இல்லை அக்கா. ஒருநாள் கால் வீங்கிவிட, பழகக் கொடுத்திருந்த ஊன்றுகம்பை வீசி எறிந்தார். "என்னைய விடுங்கலே, நானும் அவகிட்டயே போயிருதேன்," என்றார். செல்வி அழுதாள். நஸ்ரின் முதலில் டாக்டருக்குப் போன் போட்டு, வீக்கத்தைக் காட்டி, பயமில்லை என்று தெரிந்துகொண்டாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு நடக்க வேண்டாம் ஐயா. கட்டில் ஓரத்துல உக்காருங்க, போதும். அதுவும் பயிற்சிதான்."

பிறகு குசினி அடுப்பு வரை போனார், வாசல் வரை போனார், கடற்கரை மணல் வரை வந்தார். கூடவே நடந்த பழைய தோணி ஆள் சூசை, பிடிக்கப் போன கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, "சிமெண்ட் மூட்டை சுமக்கிறதே லேசு அண்ணாச்சி," என்றான்.

கல்லறைத் திருநாள் வந்தது. எங்கும் மெழுகுவர்த்தி, சாமந்தி, ஈர மணல். சூசையும் மற்றவர்களும் எனக்குத் தெரியாமல், அவரால் முடியாவிட்டால் தூக்குவதற்கு ஆட்டோவில் நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். சிமெண்ட் முடிகிற இடத்தில் வாக்கரை விட்டுவிட்டுக் கம்பை எடுத்தார் அத்தான். நஸ்ரின் பட்டையைப் பிடித்துப் பின்னால் வந்தாள். பாதி வழியில் நின்றார். மூச்சு வாங்கியது, வேட்டி நனைந்து காலில் ஒட்டியது.

"போதும் அத்தான், இங்கன இருந்தே பாருங்க," என்றேன்.

"எதுலே அவ இடம்?"

கையைக் காட்டினேன். நடந்தார். கம்பு, அடிபட்ட கால், நல்ல கால். மறுபடி கம்பு. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டதில் துறைமுகத்தில் கப்பல்கூட நகரவில்லை.

வந்துவிட்டார். உன் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். குனியக்கூடாது என்பதால் எரிகிற மெழுகுவர்த்தியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏளா பிலோமி, வந்துட்டேன். முட்டி போட முடியாது, இந்தப் பிள்ள திட்டும். நின்னுக்கிட்டே பேசுதேன்."

நஸ்ரின் பட்டையை என் கையில் கொடுத்துவிட்டு விலகிப் போனாள். பிடித்திருந்தேனே தவிர, நான் இழுக்கவில்லை, அவரும் சாயவில்லை. அப்புறம் அவர் குனியாமல் குரலை மட்டும் தாழ்த்தி என்ன சொன்னார் அக்கா? பக்கத்தில் நின்றும் எனக்குக் கேட்கவில்லை. உனக்குக் கேட்டிருக்கும். என்னைப் பற்றி ஏதாவது கோள் மூட்டினாரா?

அடுத்த வாரம் மாடிப்படி பழக்கப்போகிறாளாம். இது என் சத்தியம்: அவர் கை நீட்டினால் தோள் கொடுப்பேன், நீட்டாவிட்டால் எவ்வளவு நேரமானாலும் ஒரு படி கீழே காத்துக்கொண்டு நிற்பேன்.

உன் கூடப்பிறந்தவன்,
செல்வியின் வாயாடி மாமன்,
அந்தோணி