இருபத்து நாலாம் கல்

மார்ச் 3

காலை ஆறரைக்கே கடற்கரை. மாசம் பிறந்தால் மூன்றாம் தேதி எங்களுக்கு அளவு நாள். ஊர் உலகமெல்லாம் காலண்டரில் பார்த்துப் பெருமூச்சு விடும் தீவுக் கடற்கரை. எனக்கும் இவருக்கும் அது ஆறு கிலோமீட்டர் கால்வலி. தலைமுனையில் பாறை, ஹோட்டல்கள், குடைகள், போட்டோ எடுக்கும் கூட்டம். வால்முனையில் ஆறு வந்து கடலில் விழுகிறது, நாலு சவுக்கு மரம், ஒரு பலகை, ஈ காக்கா கிடையாது.

தலையிலிருந்து வால் வரை இருபத்து நாலு கல் நட்டிருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் நேராக இரண்டு கோலையும் கயிறையும் வைத்து அளக்க வேண்டும். இவர் முன்கோலோடு தண்ணீரில் இறங்குவார். நான் பின்கோலில் நின்று அடிவானக் கோட்டை வைத்து இறக்கத்தைப் படிப்பேன். எத்தனை கயிறு தூரம் போனால் இவருக்கு நெஞ்சளவு வருகிறதோ, அதுதான் அந்தக் கல்லின் எண். அதை வைத்து ஆபீஸில் பலகை மாற்றுவார்கள். பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது.

பதினெட்டாம் கல் முடியும்போது மணி பத்தே முக்கால். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் கேஸ் சிலிண்டர் வரும் என்று மெசேஜ். போன தடவை பூட்டிய வீட்டைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு போனவர்கள் ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தார்கள். "வால்ல என்ன இருக்கு, மணல் எங்க ஓடிடப் போகுது"ன்னு இவர் சொன்னார். மீதி ஆறு கல்லுக்கும் போன மாச எண்ணையே எழுதிவிட்டேன். இருபத்து நாலாம் கல் - பதினாறு கயிறு. ஏழு வருஷமாக அது பதினாறுதான்.

சிலிண்டர் பதினொன்று நாற்பதுக்கு வந்தது. ஜெயிச்சாச்சு.

மார்ச் 9

வால்முனையில் ஒரு பெண் மூழ்கிவிட்டாளாம். சுற்றுலா வந்தவள்.

மார்ச் 10

போய்ப் பார்த்தேன். இருபத்து நாலாம் கல்லுக்கு நேரேதான்.

நீச்சல் தெரியாத பெண். நடந்துதான் போயிருக்கிறாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கரையில் இருந்த தோழிகளைப் பார்த்துக் கையை ஆட்டியிருக்கிறாள். அடுத்த அடி வைத்தாள், ஆளைக் காணோம். ஆற்றுத் தண்ணீர் வந்து அடி மணலை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. பக்கத்திலேயே பலகை, பச்சையாக, பளிச்சென்று.

சூப்பர்வைசர் எங்கள் தாளை எடுத்துப் பார்த்தார். "அளவு சரியாத்தாம்மா இருக்கு. ஒரே வாரத்துல கடல் அறுத்துட்டா நாம என்ன பண்றது?" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

ஒரே வாரத்தில் அறுத்திருக்கலாம் இல்லையா? மூன்றாம் தேதிக்கு அப்புறம்? இருக்கலாம். போய்ப் பார்த்தவர்களுக்குத்தானே தெரியும். யாரும் போகலையே.

மார்ச் 14

அடுப்பைப் பற்ற வைக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கறேன். அந்த சிலிண்டர்தான் எரியுது.

ஏப்ரல் 3

அளவு நாள். இந்தத் தடவை வாலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன். இவர் கோலைத் தூக்கிக்கொண்டார்.

இருபத்து நாலாம் கல். கோல் நுனியையும் அடிவானக் கோட்டையும் சேர்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கோலுக்கு நேராக ஒரு ஆள் நின்றது. இடுப்பளவு தண்ணீர், முதுகு இந்தப் பக்கம், மஞ்சள் துணி.

"என்னங்க, முன்னாடி யாரோ நிக்கறாங்க, தள்ளிப் போகச் சொல்லுங்க."

"எங்க?"

"உங்களுக்கு நேராத்தான்."

இவர் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அடியே, அங்க பத்தடி ஆழம். யாரு நிக்க முடியும்?"

மூன்றாவது கயிற்றிலேயே இவருக்கு நெஞ்சளவு வந்துவிட்டது. மூன்று என்று எழுதினேன். பதினாறுக்குக் கீழே மூன்று. என் கையெழுத்தா அது என்று எனக்கே சந்தேகம்.

கண்ணில் வெயில் அடித்திருக்கும். மிதவையாக இருக்கும். மிதவைக்கு முதுகு உண்டா?

ஏப்ரல் 11

அந்தப் பெண்ணின் அப்பா வந்திருக்கிறார். கடற்கரை முழுக்க நடந்து பார்க்கணுமாம். "நீங்க பொம்பளை, பக்குவமா பேசுவீங்க, கூடப் போயிட்டு வாங்க" என்று சூப்பர்வைசர் என் தலையில் கட்டிவிட்டார். வேறு ஆளே கிடைக்கலையா?

தையற்காரர். சட்டைப் பையில் அளவு நாடா சுருண்டு கிடக்கிறது. துக்கத்திலும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. முதலில் தலைமுனைக்குப் போகலாம் என்றார். மகள் கடைசியாக அனுப்பிய போட்டோ அங்கே எடுத்தது. பாறைக்கு முன்னால், எந்த இடத்தில் நின்றாளோ சரியாக அதே இடத்தைத் தேடினார். கூட்டத்தில் இரண்டு பேர் போட்டோ எடுத்துத் தரச் சொல்லி அவரிடமே போனை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தார். "கொஞ்சம் இடது பக்கம்" என்றுகூடச் சொன்னார்.

அப்புறம் அவர் போனில் இருந்ததைக் காட்டினார். பெண் சிரிக்கிறாள். "இந்த டிரஸ் நான் தைச்சதும்மா. அன்னைக்கும் இதைத்தான் போட்டிருந்தா."

மஞ்சள்.

பேப்பரில் வந்தது கறுப்பு வெள்ளைப் படம். யாரும் எனக்கு நிறம் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? எப்படித் தெரியும்?

ஏப்ரல் 12

இன்று வால்முனை. வெயிலில் மெதுவாக நடந்தோம். கல்லுக்குக் கல் நின்று இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். எங்கள் வேலையைக் கேட்டதும் அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தாம்மா. என்கிட்ட வர்றவங்க சொல்லுவாங்க, போன தடவை அளவுதான் இருக்கே, அதையே வச்சுத் தைச்சுடுங்கன்னு. நான் ஒத்துக்கவே மாட்டேன். உடம்பு மாறிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் புதுசா அளக்கணும். பெத்த பொண்ணுக்கே அப்படித்தான். 'அப்பா, போதும்ப்பா, விடுப்பா'ன்னு நெளிவா."

நான் மணலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலாம்.

இருபத்து நாலாம் கல்லில் உட்கார்ந்தார். பலகை இப்போது சிவப்பு.

"நான்தான் இறங்கச் சொன்னேன்" என்றார். "போன் பண்ணினா. 'அப்பா, இறங்கட்டுமா?' பலகை என்ன கலர்னு கேட்டேன். பச்சைன்னா. அளந்துதான் வச்சிருப்பாங்க, தைரியமா இறங்குன்னேன். அவ அம்மா இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. நீதானே இறங்கச் சொன்னே, நீதானே இறங்கச் சொன்னே... அதையேதான் சொல்லிட்டு இருக்கா."

பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த மாசமும் நீங்கதான் அளந்தீங்களா?"

"ஆமா."

வாய் கூசாமல் வந்துவிட்டது. அவருக்குப் பின்னால், தண்ணீரில், அவள் நின்றுகொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டேதான். திரும்பிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஏப்ரல் 13

வீட்டில் ரகளை.

"வாயைத் திறந்தேன்னா ரெண்டு பேர் வேலையும் போயிடும். செத்தவ எழுந்தா வரப் போறா?" என்று இவர். "அந்த மனுஷன் தன் பேர்ல தப்புன்னு நினைச்சே செத்துப் போவாரு, பரவாயில்லையா?" என்று நான். "நம்ம பேர்ல தப்புன்னு மட்டும் என்ன நிச்சயம்? மூணாம் தேதி நல்லாத்தான் இருந்திருக்கும்." நானும் ஒரு மாசமாக இதைத்தான் கட்டிக்கொண்டு தூங்குகிறேன். தூங்கினால்தானே.

கடைசியில் இவர் கேட்டார்: "அன்னைக்கு நான் வரமாட்டேன்னா சொன்னேன்? கோலைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தது யாரு?"

இந்த டைரியைப் புரட்டிப் பார்த்தேன். மார்ச் மூன்றில் 'இவர் சொன்னார்' என்று எழுதியிருக்கிறேன். பொய். இவர் பத்தொன்பதாம் கல்லுக்குக் கிளம்பிவிட்டார். "வால்ல என்ன இருக்கு, மணல் எங்க ஓடிடப் போகுது, வாங்க வீட்டுக்கு" - கூப்பிட்டது நான். நடந்த அன்றைக்கே, யாரும் சாகாதபோதே, எனக்கு நானே பொய் எழுதியிருக்கேன். சீ.

ஏப்ரல் 14

சொல்லிவிட்டேன்.

காலைப் படகில் அவர் கிளம்பும் முன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எல்லாம் சொன்னேன். சிலிண்டருக்காகப் பதினெட்டோடு திரும்பியது, பழைய எண்ணைப் போட்டது, நேற்று முன்தினம் பொய் சொன்னது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்து நாடாவை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"சிலிண்டர் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு."

தலையை ஆட்டினார். வெளியே படகுக்காரர்கள் யாரையோ கூவிக் கூப்பிடும் சத்தம். அப்புறம் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். "எழுதிக் கொடுங்க. கையெழுத்துப் போட்டு. அவ அம்மாகிட்ட காட்டணும்."

எழுதினேன். இவர் பெயரை எழுதவில்லை. என் யோசனை, என் கை. இன்னொரு பிரதி எழுதி நேராக ஆபீஸில் கொடுத்தேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, "ஏம்மா, யாராவது கேட்டாங்களா?" என்றார்.

ஏப்ரல் 20

வேலை போச்சு. ரெண்டு பேருக்கும். கோல் பிடித்தவருக்கும் தெரியாமலா இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். இவர் பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார்.

மே 2

அந்த சிலிண்டர் இன்று தீர்ந்தது.

ஜூன் 3

காலையில் போன். தையற்காரர். நலமா என்றுகூட இல்லை.

"கடைசிக் கல்லு எவ்வளவு?"

"நான் இப்ப அந்த வேலையில இல்லீங்க."

"தெரியும். எவ்வளவு?"

"போய்ப் பார்த்துச் சொல்றேன்"னு வச்சுட்டேன். கொல்லையில் கழித்துப்போட்ட பழைய கோல் இரண்டு கிடந்தது, ஒன்றில் விரிசல். எடுத்துக்கொண்டேன். ஒரு ஆளால் இதை அளக்க முடியாது என்று தெரியும், இருந்தும் கிளம்பினேன். வாசல் தாண்டுவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். இவர் விரிசல் விட்ட கோலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நாலு கயிறு. போனில் சொன்னேன். வைத்துவிட்டார்.

ஜூலை 3

ஐந்து. அவர் கேட்டது அதே ஒரு கேள்வி.

ஆகஸ்ட் 3

மழைத் தூறல். ஆபீஸ் ஆட்கள் தலைமுனையில் குடையோடு ஆரம்பித்திருந்தார்கள், எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. நாங்கள் நேராக வாலுக்குப் போனோம். இவர் இறங்கும்போது, "இன்னைக்கும் நிக்கறாளா?" என்று கேட்டார். இதுவரை கேட்டதில்லை.

நின்றாள். நான் கண்ணை எடுக்கவில்லை. "நிக்கறா. நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவளுக்கு நேராகவே கோலை வைத்துப் படித்தேன். ஏழு. மணல் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

பத்து மணிக்கு போன்.

"நீங்களே போனீங்களா?"

"நாங்களே போனோம். ஏழு கயிறு."

வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. ஒரு பெண் குரல் கேட்டது. அவள் அம்மாவாகத்தான் இருக்கும்.

"எவ்வளவாம்?"

"ஏழு" என்று அவர் அவளிடம் சொன்னார்.