அக்காவின் கமெராவைக் கழுவிய தண்ணீர்

எப்போதும் ஈரக் கையோடு திரிந்த என் யோகா அக்காவுக்கு,

அங்கே தண்ணீர் வசதி எப்படி? குழாய் ஒன்று கண்ணில் பட்டிருந்தால் இதற்குள் எதையாவது கழுவத் தொடங்கியிருப்பாய். நான் இல்ஃபோர்டில் அதே சமையலறையில் இருந்துதான் எழுதுகிறேன். உடம்பு இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டது. உன் செத்தவீட்டுக்கு வந்த சனம் எல்லாம் சோறும் கறியுமாகக் கொண்டுவந்தது. அழுதுகொண்டே சாப்பிட என்னால் மட்டும்தான் முடிந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு உனக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். "நீதான் பகிடியா எழுதுறனி, ரெண்டு பக்கம் எழுதித் தா" என்று அத்தான் கேட்டார். பகிடி எங்கேயிருந்து வரும், சொல்லு? உன் கமெராவைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஆர்ச்வே கோயிலில் பாயாசம் பரிமாறிக்கொண்டே படமெடுக்கப் போய், உன் பழைய கமெரா வாளிக்குள் இறங்கியது நினைவிருக்கிறதா? "இனித் தண்ணிக்குள்ள போட்டாலும் சாகாத கமெராதான் வாங்குவன்" என்று சபதம் போட்டு வாங்கியதுதான் இந்தச் செம்மஞ்சள் குட்டி. உள்ளங்கைக்குள் அடங்கும், மணிக்கட்டில் தொங்கும். போனில் எடுத்தால் படம் எங்கேயோ ஏறி ஆரோ பார்ப்பார்கள் என்ற பயம் உனக்குக் கடைசிவரை போகவில்லை.

கடலுக்குள் கொண்டுபோனால் நல்ல தண்ணீரில் அலசு என்று அதோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நீ கடலை விட்டுவிட்டு அலசுவதை மட்டும் பிடித்துக்கொண்டாய். கோயிலுக்குப் போய் வந்தாலும் அதற்குக் குளிப்பு, கடைக்குப் போய் வந்தாலும் குளிப்பு. ஒரு கலியாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் நீ அதைக் குழாய்க்குக் கீழே பிடித்ததைப் பார்த்து மாப்பிள்ளையின் பெரியம்மா போட்ட கூச்சல் இன்னும் காதில் கேட்கிறது.

"எடி யோகா, உனக்கென்ன விசரே? கமெராவைப் போய்க் கழுவுறாய்!"

"வேர்வையும் உப்புத்தானே அக்கா. உப்பு நிண்டால் ரப்பர் பழுதாப் போயிடும்."

"அப்ப உன்ர மனுசனையும் கழுவு. அவரும் வேர்த்துப்போய்த்தான் நிக்கிறார்."

"அவருக்குக் கியாரண்டி முடிஞ்சுது."

கமெராவின் அடியில் ஒரு சின்னக் கதவு. பற்றரியும் படங்கள் பதியும் கார்டும் அதற்குள்தான். கதவின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு ரப்பர். ஒரு தலைமயிர் மாட்டினாலும் தண்ணீர் உள்ளே போய் எல்லாம் முடிந்துவிடும் என்பாய். "முதல்ல கழுவோணும், பிறகு துடைக்கோணும், அதுக்குப் பிறகுதான் கதவு" என்று எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? நான் எங்கே கேட்டேன்? உன் பிளேஸ்டோ வீட்டில் என்ன பலகாரம் இருக்கிறது என்று பார்ப்பதிலேயே என் கண் இருந்தது.

பிறகு ஐம்பது தாண்டிய வயதில் நீச்சல் பழகப் போனாய். யோகேஸ்வரி நீச்சலுடை போடுகிறாளாம் என்ற செய்தி அன்று பின்னேரமே ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனது நான்தான், வேறு ஆர்? போன கோடையில் உன் நீச்சல் கூட்டம் சவுத்தெண்ட் கடலுக்குப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். நான் ஓவர்கோட்டோடு மடக்குக் கதிரையில் இருந்து கட்லட் சாப்பிட்டேன். கமெராவைத் தூக்கிப் பிடித்தபடி நீ தண்ணீருக்குள் நின்று கத்தினாய்: "வாடி, முழங்கால் மட்டும்தான்!"

"எனக்கு ஏலாது, நீ போ!"

நீ போய்விட்டாய், அக்கா. வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்தாயாம். அத்தான் வந்து பார்த்தபோது தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்ததாம். இவ்வளவுதானா? சொல்லாமல் போக உனக்கு ஆர் பழக்கினது?

செத்தவீட்டு மண்டபத்தில் வைத்த படத்தைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை நின்றது. உன் பாஸ்போர்ட் படத்தின் தலையை வெட்டி, மயில் பச்சைக் காஞ்சிபுரம் கட்டிய ஆரோ ஒருத்தியின் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். இங்கே எங்கள் சனத்தில் அரைவாசிப் பேர் அப்படித்தான் சுவரில் தொங்குகிறார்கள், தெரியும். ஆனால் நீயுமா? கழுத்தில் நீ கண்ணாலும் காணாத அட்டியல் வேறு!

"அத்தான், இது ஆர்?"

"உன்ர அக்காதான்."

"கழுத்துக்கு மேலயோ, கீழயோ?"

அவர் சிரிக்கவில்லை. "நான் என்ன செய்யிறது பிள்ளை? எல்லாப் படத்தையும் அவள்தானே எடுத்தவள். அவளை ஒருத்தரும் எடுக்கேல்லையே" என்றார். அதுவரை ஐயருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற மனிசன், அதைச் சொல்லிவிட்டுத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

உன் கமெரா அதற்குப் பிறகுதான் அகப்பட்டது. நீச்சல் பைக்குள், ஈரம் காயாத துவாய்க்குள் சுருண்டு கிடந்தது. உன் சாம்பலைக் கரைக்க அதே சவுத்தெண்டில் படகேறினபோது, அத்தான் அதை என் கையில் மாட்டிவிட்டார். "ஊரில உள்ள ஆக்களுக்குக் காட்டோணும், ரெண்டு படம் எடு." பழைய படங்களைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு எடுத்தேன். பற்றரி செத்துப்போனது.

படகுக்காரர் காற்று வரும் பக்கத்தைக் கையால் காட்டி எச்சரித்தார். அத்தான் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கமே பானையைக் கவிழ்த்தார். நீ எங்கள் எல்லோர் மேலும் வந்தாய். என் கோட்டில், அத்தானின் மீசையில், கமெராவில். அதற்கு மேல் ஒரு அலை வேறு தெறித்தது. கோட்டைக் கடலுக்கு மேலே பிடித்து உதறினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கமெராக் கதவின் ஓரத்தில் சாம்பல், உப்போடு சேர்ந்து சாந்து மாதிரி இறுகியிருந்தது.

மலருக்குப் படம் வேண்டும் என்று அச்சகத்தில் இருந்து அவசரப்படுத்தினார்கள். உன் முகம் இருந்தால் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். கழுவாமல் திறந்தால் சாம்பலும் உப்பும் உள்ளே போய்விடும். கழுவினால் நீ இல்ஃபோர்ட் சிங்க்கில், பருப்புக் கழுவிய தண்ணீரோடு போய்விடுவாய். என்னிடம் மிஞ்சியிருந்த நீ அவ்வளவுதானே அக்கா? நகக்கண் அளவு. அதை எப்படிக் கழுவுவது? மேசையில் வைத்து நாள்கணக்காய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தண்ணி வேண்டாம், பிரஷ்ஷால தட்டி விடன்" என்றார் என் மனிசன். தூசியா அது?

கடைசியில் உன் குரல்தான் வந்தது. முதல்ல கழுவோணும்.

சிங்க்கில் இல்லை, பயப்படாதே. நான் பூசைக்கு எடுக்கிற பித்தளைச் சட்டியில் நல்ல தண்ணீர் எடுத்து, விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. தண்ணீர் லேசாய்ச் சாம்பல் நிறமானது. அதைச் சொட்டு விடாமல் ஒரு நெல்லிரசப் போத்தலில் ஊற்றி, 'குடிக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். என் மனிசனை உனக்குத் தெரியும்தானே. அத்தான், இதை வாசித்துவிட்டு மயங்கி விழாதேயுங்கோ.

துடைத்தேன். கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு, படகில் எடுத்த இரண்டையும் தாண்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாப்பிடுகிற வாய்கள், மேளகாரரின் முதுகு, உன் பெருவிரல், தண்ணீருக்கடியில் ஆரோ நாலு பேரின் கால்கள். கடைசியில் நீ. சவுத்தெண்ட் கடலுக்குள் கையை நீட்டி உன்னை நீயே எடுத்திருக்கிறாய். பொட்டில்லை, தலைமயிர் நெற்றியில் ஒட்டிக் கிடக்கிறது, முன்பல் இடைவெளி தெரியச் சிரிக்கிறாய். இதுதான் என் அக்கா என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

பிறகுதான் கவனித்தேன். உன் முகம் நடுவில் இல்லை. ஓரத்துக்கு ஒதுங்கி, ஒரு காதை வெட்டக் கொடுத்து, எதற்கோ இடம் விட்டிருக்கிறாய். உன் தோளுக்கு மேலால், தூரத்துக் கரையில், கதிரையில் ஒரு கறுப்பு ஓவர்கோட். வாய் நிறையக் கட்லட்.

நான் வரமாட்டேன் என்றதும் இப்படியா என்னையும் சேர்த்துக்கொண்டாய்?

அந்தப் படம்தான் மலரின் அட்டையில் வருகிறது. காஞ்சிபுரக்காரிதான் அட்டையில் வரவேண்டும் என்று நின்ற சித்தியோடு, அவள் உள்பக்கத்தில் இருக்கட்டும் என்று சமாதானமாகிவிட்டோம். என்னை வெட்டிவிடலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். அத்தான் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அவள் எடுத்தபடியே இருக்கட்டும்" என்றார். உன் அஞ்சலி மலரின் அட்டையில் ஒரு குண்டுப் பொம்பிளை கட்லட் சாப்பிடுகிறாள், அக்கா. சபையில் நான் எப்படி முகம் காட்டுவேன்?

முப்பத்தொன்று முடிந்ததும் அந்தப் போத்தலோடு சவுத்தெண்ட் போகிறேன். ஓவர்கோட் இல்லாமல். இந்த முறை கரையில் இருக்க மாட்டேன், முழங்கால் மட்டுமாவது இறங்கித்தான் ஊற்றுவேன். கையை நீட்டி ஒரு படம் எடுப்பேன், என் முகத்தை ஓரத்துக்குத் தள்ளி, உனக்கு இடம் விட்டு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கமெராவைக் கழுவுவேன். சத்தியம்.

இன்னும் கரையில் இருக்கும்
உன் தங்கச்சி