குதிக்காதவன்

தம்பிக்கு,

பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாய். நேரில் பேச வாய் வரவில்லை.

அப்பா உன்னை மஞ்சள் கால்பந்துக் கிளப்பில் சேர்த்தார், மாமா என்னைப் பச்சையில் சேர்த்தார். ஒரே ஊர்தான். ஆனால் இரண்டு கிளப் ரசிகர்களும் மோதி நடந்த அந்தக் கொலைகளுக்குப் பிறகு, எங்கள் மைதானத்துக்குள் உங்கள் ஆட்கள் வரத் தடை. நீ ஆசைப்பட்டாய் என்று என் மகனின் உறுப்பினர் அட்டையில் உன்னை உள்ளே கூட்டிப்போனவன் நான்தான்.

"குதிக்காதவன் மஞ்சள்!" என்று மொத்தக் கூட்டமும் பாடிக் குதித்தது. நீ மட்டும் அசையாமல் நின்றாய். ஒரே ஒரு தடவை குதித்திருக்கலாமேடா!

எங்கள் கும்பலின் தலைவன் ஓரேலியோ பின்னாலிருந்து உன் கழுத்தைப் பிடித்தான். "யாருடா இவன்? உன்கூட வந்தவனா?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னா அடி, பாப்போம்."

என் மோதிரத்தில் உன் பல் உடைந்த சத்தம் இன்னும் கேட்கிறது. அதன் பிறகுதான் மற்றவர்கள் உன் விலாவில் மிதித்தார்கள். நான் பாடிக்கொண்டே குதித்தேன்.

நேற்று அம்மா கேட்டாள்: "மொதல்ல கை வச்சவன் எவன்டா?"

"கூட்டத்துல மொகம் தெரியலம்மா" என்றாய், என்னைப் பார்த்தபடியே.

பிறகு மாத்தே தேநீரை ஊற்றி, முதல் குடுவையை நீ உறிஞ்சிவிட்டு, அடுத்ததை வழக்கம்போல் அதே குழலோடு என்னிடம் நீட்டினாய். குழல் நுனியில் உன் ரத்தம் இருந்தது.

துடைக்காமல் குடித்தேன்.

உன் அண்ணன்