கம்ப்யூட்டருக்கா கல்யாணம்?

இன்று காலை கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து அந்த வாசனை வந்தது. சூடேறிய தூசியும் லேசாகக் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. வேறு யாராக இருந்தாலும் மூக்கைச் சுளித்திருப்பார்கள். நானோ நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, தனியா சிரிக்கிறே?" என்றார். "அவ ஞாபகம் வந்துச்சுங்க" என்றேன். அவரும் சிரித்தார். எவள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

சிரித்து முடிப்பதற்குள் திரை இருண்டு எல்லாம் நின்றுபோனது. யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. இந்த வாரத்தில் இது முதல் தடவையும் அல்ல. பழுது பார்ப்பவர் நேற்றே வந்து பார்த்துவிட்டுப் போனார். "எஸ்.எம்.பி.எஸ். வீக்கா இருக்குங்க. கேபினெட்டோட சேர்ந்து வர்ற சாதாதானே! இப்போதைக்கு ஓடுதுல்ல, ஓடட்டும். ஒரேயடியா போனப்புறம் மாத்திக்கலாம்" என்றார். சுவரிலிருந்து வரும் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கும் அந்தத் தகரப் பெட்டிக்காக நீயும் நானும் ஒருமுறை காவிரிப் பாலத்தைத் தாண்டி ஓடியது அவருக்கு எப்படித் தெரியும்?

தில்லை நகர் ஸ்டூடியோவில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தோம் நாம். முதலாளியின் பாட்டு ரசனை தாங்காமல்தான் வேலையை விட்டோம் என்று நீ எல்லாரிடமும் சொல்வாய். மன்னார்புரத்தில் உன் வீட்டு மாடி அறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினோம். ஜங்ஷனில் திரும்பும் பஸ்களின் ஹாரன், கீழே உன் மாமியார் வறுக்கும் கருவாடு, சர்ச் பாடல் குழுவுக்காக நீ ஓயாமல் முணுமுணுத்த பாட்டு, எல்லாம் அந்த அறைக்குள் வரும். இருந்த காசுக்கு உதிரி பாகங்கள் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டினோம். அதில் வெளிப்பெட்டியான கேபினெட்டோடு இலவசமாக வந்ததுதான் அந்த எஸ்.எம்.பி.எஸ். ஆல்பம் செய்யும்வரை அது ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் ஸ்ரீரங்கத்துக் கல்யாணம் வந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகித் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாளைத் தள்ளிவைக்க அந்த அம்மாவே சம்மதிக்கவில்லை. பெண்ணோ நம் மாடிப்படி ஏறி வந்து நின்றாள். "எங்கம்மா படுக்கையிலேர்ந்தே முழுசாப் பார்க்கணும்க்கா. பார்க்க முடியாதுன்னா நான் மணையில உட்கார மாட்டேன்." நேரலையெல்லாம் அதுவரை நாம் செய்ததில்லை. நீ கண்ணைக்கூட இமைக்காமல், "அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்றாய்.

முதல் நாள் மதியம் மண்டபத்தில் எல்லாவற்றையும் அடுக்கி, இரண்டு கேமராவையும் இணைத்தோம். கம்ப்யூட்டர் பட்டென்று நின்றது. மறுபடி போட்டோம். மறுபடி நின்றது. மண்டபத்து ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, கரண்டில் குறையில்லை. நீ ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாய். ஒரு கேமரா என்றால் ஓடியது. இரண்டாவதைச் செருகினால் நின்றது. பின்னால் கையை வைத்து, அந்தக் கருகல் வாசனையை மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாய்.

"பாவம்டி இது. ரெண்டு பேருக்குச் சமைக்கத் தெரிஞ்சதைக் கூப்பிட்டுப் பந்திக்கே ஆக்கிப் போடச் சொன்னா என்ன பண்ணும்?"

"அப்ப ஒரு கேமராவோட நிறுத்திக்கலாம்" என்றேன். "ஓடிக்கிட்டிருக்கறதைக் கல்யாணத்துக்கு முதல் நாள் போயிப் பிரிப்பாங்களா? பிரிச்சு, இதுவும் இல்லாம போச்சுன்னா?"

"இது ஓடலடி, நொண்டுது. நின்னா, கூட யாரெல்லாம் நிப்பாங்கன்னு யோசி."

நான் யோசித்தேன். மணையில் ஒரு பெண், கட்டிலில் அவள் அம்மா. நீ ஏற்கனவே திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தாய்.

உன் ஸ்கூட்டரில் நான் பின்னால். அளவு தப்பிவிடக் கூடாதென்று பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மடியில் வைத்திருந்தேன். அதன் வயர்கள் நாலா பக்கமும் தொங்கின. பாலத்துக்கு முன்னால் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"என்னம்மா இது, வயரும் கியருமா?"

"கம்ப்யூட்டருக்குச் சோறு போடறதுங்க சார். கெட்டுப்போச்சு. நாளைக்குக் கல்யாணம், அதான் அவசரமாப் போறோம்" என்றேன் நான்.

"கம்ப்யூட்டருக்கா கல்யாணம்?"

"ஆமாங்க சார், நீங்களும் அவசியம் வந்துடுங்க" என்றாய் நீ. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போகச் சொன்னார். பாலம் முழுக்க உன் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. ஹேண்டிலை ஒழுங்காகப் பிடி என்று நான் கத்திக்கொண்டே வந்தேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் முதலில் காட்டியதும் அதே மாதிரி சாதாதான். நீ பழையதையும் அதையும் இரண்டு கையில் ஏந்தித் தேங்காய் வாங்குவதுபோல் தூக்கிப் பார்த்தாய். "இதுவும் காலி டப்பாவா இருக்கே அண்ணா. பெட்டி மேல போட்டிருக்கற வாட்ஸை நாள் பூரா நிக்காம குடுக்கறது ஒண்ணு எடுங்க" என்றாய். அவர் உள்ளே போய்க் கனமான ஒன்றைக் கொண்டுவந்தார். விலையைக் கேட்டதும் நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, "பில் போடுங்கண்ணா" என்றாய்.

மண்டபத்தின் பந்திக் கூடத்தில், காய் நறுக்குகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்து மாட்டினோம். திருகாணிகள் தொலையாமல் இருக்க ஒரு தொன்னை கேட்டு வாங்கினாய். முணுமுணுப்பாக உன் பாட்டு. எல்லா வயரையும் செருகி முடித்துப் பொத்தானை அழுத்தினாய். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினாய். விளக்குகூட எரியவில்லை. நீ தரையோடு தரையாகக் குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாய். அப்படியே அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாய். நம் பழைய பெட்டிக்குப் பின்னால் சுவிட்சே கிடையாது. புதியதற்கு இருந்தது. நாம் அதைப் போடவே இல்லை. சமையல்காரர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய்.

மறுநாள் முகூர்த்தத்தில் இரண்டு கேமராவும் ஒரு சிணுங்கல் இல்லாமல் ஓடின. அந்த அம்மாவின் குரல் மண்டபத்தில் கேட்க வேண்டுமென்று ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தாய். தாலி கட்டும் நேரம். மேளம் உச்சத்துக்கு ஏறப்போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து குரல் கணீரென்று வந்தது: "அந்த வழுக்கைத் தலையைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க! எம்பொண்ணு தெரியல!"

மாப்பிள்ளையின் பெரியப்பா பதறி நகர்ந்தார். மண்டபமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் தாலி ஏறியது. அழுதுகொண்டிருந்த பெண்ணும் சிரித்துக்கொண்டே தலை குனிந்தாள். திரையில் அந்த அம்மாவைச் சுற்றி நர்சுகள் கைதட்டினார்கள். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபோகஸ் பாருடி" என்று அதட்டினாய்.

அதற்குப் பிறகு நமக்கு எத்தனையோ கல்யாணங்கள். துறையூர்வரை போய் வந்தோம். உடம்புக்கு முடியாமல் நீ படுத்தபோதும் இந்தப் பேச்சு உன்னை விடவில்லை. டாக்டர் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஓடுது டாக்டர். ரெண்டாவது கேமரா போட்டாத்தான் நின்னுடும்" என்றாய். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

நீ போன பிறகு மாடி அறையைக் காலி செய்து, இங்கே ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே தொழிலை நடத்துகிறேன். பழைய கம்ப்யூட்டர் வயதாகி ஓய்ந்தது. புதிதாக ஒன்று வாங்கியபோது எதையும் தூக்கிப் பார்க்கும் மனநிலை எனக்கு இல்லை. கடையில் கொடுத்ததை வாங்கி வந்தேன். இரண்டு வருடம் ஓடியது. நின்றால் பக்கத்திலேயே இருந்து தட்டிக் கொடுத்து மறுபடி எழுப்பிவிடுவேன். நானும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அது நின்றபோதும், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். அப்போது உன் மகள் போன் செய்தாள். வரும் வாரம் மன்னார்புரம் சர்ச்சில் அவளுக்குக் கல்யாணம். வெளிநாட்டிலிருக்கும் உன் அண்ணன் குடும்பத்துக்கு நான்தான் நேரலை போடுவதாகப் பேச்சு. எடுத்ததுமே விஷயத்துக்கு வந்தாள். உன் மகளல்லவா!

"சித்தி, நீங்க கேமராவுக்குப் பின்னாடி உட்காரக் கூடாது. ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் நீங்க. ரெண்டு பேரும்தான் என்னைப் பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்."

"அப்ப மெஷினை யாருடி பார்த்துக்கறது?" என்றேன்.

"அது தானா ஓடுற மாதிரி பண்ணுங்க சித்தி. நீங்க என்கூட நடந்து வரணும்."

போனை வைத்ததும் நேராகக் கடைக்குப் போனேன். விலையை இரண்டு முறை கேட்கவில்லை. கனமாக, நம்பிக்கையாக ஒரு எஸ்.எம்.பி.எஸ். எடுத்து வந்து, கூடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பிரித்தேன். இவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு மாட்டத் தெரியுமா?" என்றார். "பிரிக்கத் தெரியுதுல்ல, மாட்டவும் வரும்" என்றேன். அந்தத் துணிச்சல் என்னுடையது அல்ல, உன்னுடையது. இத்தனை நாள் எனக்குள் சும்மா கிடந்திருக்கிறது.

மதியத்திலிருந்து அதிகப்படி வேலை கொடுத்து ஓடவிட்டிருக்கிறேன். இதுவரை நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கவும் தோன்றவில்லை. வாசலில் உன் மகள் ஸ்கூட்டர் ஹாரனை அடித்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு எனக்குப் புடவை எடுக்க வேண்டுமாம், பெண்ணைப் பெற்றவள் கட்டுகிற மாதிரிப் புடவை. அவள் பின்னால் ஏறி உட்காரப் போகிறேன்.