நம்ம வயல் என்று சொன்னவன்

அக்னீஸ்வரர் துணை

திருக்காட்டுப்பள்ளி

சிரஞ்சீவி பஞ்சநதத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. பம்பாயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க சுவாமியை வேண்டிக்கொள்கிறேன். மில்லில் உன் கீழே இருக்கிறவர்கள் சொன்னதைத் தவிர ஒரு துரும்பையும் நகர்த்துவதில்லை, என்ன கொடுத்தால் தானாகச் செய்வார்கள் என்று அப்பாவைக் கேட்டிருந்தாய். பதில் எழுத அவருக்கு முகமில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

நம் பண்ணையாள் முருகையனை உனக்குத் தெரியும். மழை பிடித்தால் யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு போய் வாய்க்கால் கரையைப் பார்த்துவிட்டு வந்து, நம்ம வயலுக்கு ஒண்ணும் பயமில்லைங்க என்று வாசலில் சொன்ன பிறகுதான் கஞ்சி குடிக்கப் போவான். ஆனியில் கூலி உயர்வு கேட்டுப் பண்ணையாட்கள் தங்கள் தெருவில் சங்கக் கொடி ஏற்றினார்கள், அதிலிருந்து உன் சித்தப்பா துரைராசுக்குக் கண் சிவந்தே கிடந்தது. நடவன்று முருகையன் வழக்கம்போல நம்ம வயல் என்றுவிட்டான். உடனே சித்தப்பா நடவுப் பெண்கள் அத்தனை பேர் முன்னால், எவன் வயல்டா உனக்கு நம்ம வயலு, பட்டா உங்கப்பன் பேர்ல இருக்கா, சட்டம் வந்து புடுங்கிக் குடுக்கும்னு பாக்குறியா என்று கத்தி, உங்க வயல் உங்க வயல் என்று அவன் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்லவும் வைத்தார். உன் அப்பா பக்கத்தில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். உன் சித்தப்பாவுக்குத் திருநீறு பூசிய நெற்றியும் இந்த வாயும் ஒரே முகத்தில் எப்படித்தான் இருக்கின்றனவோ.

பிறகு கூலியைக் கூட்டித்தான் கொடுத்தார்கள், அது அவர்களுக்கு நியாயமாகச் சேரவேண்டியது. முருகையனும் தவறாமல் வந்தான், வெட்டு என்றால் வெட்டினான், நிறுத்து என்றால் நிறுத்தினான், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் புகுந்து கரை உடைந்து, கீழவயலில் நட்ட பயிர் முழுக்க மண்மூடிப் போயிற்று. அவன் பெண்சாதி அம்சத்தைக் கேட்டேன். நெல் புடைத்த கை நிற்காமல், முந்தாநாளே கசியுறத பாத்தாருங்கம்மா, உங்க கரையாச்சே, சொல்லச் சொல்லி உத்தரவு இல்லியேன்னுட்டாரு என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது சித்தப்பா அவனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கிறார். வாயால் பறித்ததை வேட்டியால் மூடலாம் என்கிற புத்தியை நினைத்தாலே அருவருப்பாயிருக்கிறது. அதே நடவுப் பெண்கள் முன்னால் தப்பு என்று சொல்கிறவரை என் கையால் சோறு கிடையாது என்றுவிட்டேன், கடைத்தெரு ஓட்டலில் சாப்பிடுகிறார். உன் அப்பாவுக்குப் போடுகிறேன், பேசுவதில்லை.

நீயும் கடிதத்தில் மில் ஆட்களை அந்தப் பயல்கள் என்றே எழுதியிருக்கிறாய். நம் வீட்டு வாய் பம்பாய்க்கும் வந்துவிட்டதே என்று பயமாயிருக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. சுவாமி உன்னை நல்ல புத்தியோடு வைக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அங்கே எவனாவது நம்ம மிஷின் என்று சொன்னால் திருத்தாதே.

ஆசிகளுடன் உன் அம்மா,
நாகம்மாள்